மூன்று புள்ளி, மூன்று கல்

மார்கழி விடிகாலையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்களில் இருவகைப் புள்ளிக் கோலங்களைக் காணலாம். நேர்ப்புள்ளியில் வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சதுரம் கட்டி நிற்கும். சந்துப்புள்ளியிலோ மேல்வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவில் கீழ்வரிசைப் புள்ளி விழும். சதுரக் கட்டத்தை 120 பாகை சுழற்றினால் அது தன்மேல் பொருந்தவே பொருந்தாது. ஆகவே முக்கோணச் சமச்சீர் உள்ள வளைகோட்டுக்குச் சந்துப்புள்ளிதான் வழி. '7 புள்ளி, 4 வரை' என்றால் நடுவில் 7, இருபுறமும் 6, 5, 4 என இறங்கி மொத்தம் 37 புள்ளிகளில் ஓர் அறுகோணம். வரிசைகளின் தூரம் புள்ளிகளின் இடைவெளியில் 0.866 மடங்கு இருக்க வேண்டும். அளவுகோல் இல்லாமல் கண்ணே அதைப் பார்த்துக்கொள்கிறது.

புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்தோடும் சிக்குக் கோலத்தில் இந்த முக்கோண அமைப்பு இன்னும் அழகு. முக்கோணமாக மூன்றே புள்ளி வைத்து, இரண்டிரண்டு புள்ளிக்கு நடுவில் கோடு ஒருமுறை வெட்டிக்கொள்ளும்படி சுற்றுங்கள். கையெடுக்காமல் மூன்று இதழும் முடிந்து, தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேரும். சதுரமாக நாலு புள்ளி வைத்து அப்படியே சுற்றினால், எதிரெதிர் மூலைப் புள்ளிகள் இரண்டை மட்டும் வளைத்துக் கோடு மூடிக்கொள்ளும். மிச்சத்துக்கு இன்னொரு கோடு வேண்டும். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலத்துக்கு இலக்கணம் வகுத்துக் கணினியியல் கட்டுரை எழுதியது வியப்பில்லை.

யாழ்ப்பாணத்தில் அன்றாட வாசல் கோலம் இந்த அளவுக்குப் பரவலில்லை. தைப்பொங்கலன்று வேலிக்கும் படலைக்கும் உள்ளே முற்றத்தை மெழுகி, அரிசிமாவால் போடுவார்கள். உலக்கையைக் கிடத்தி நேர்கோடு எடுக்கும் வழக்கமும் உண்டு. அதனால் உருவம் பெரும்பாலும் சதுரம். அதை எளிய கோலம் என்று குறைத்துப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். அது அடுப்புக்கான களம். நடுவில் மூன்று கல் வைத்துப் பானை ஏற்றுகிறார்கள். எந்த மூன்று முனையும் ஒரே தளத்தில் அமையும் என்பதால் மண்தரை மேடுபள்ளமானாலும் பானை ஆடாது. கற்கள் சம தூரத்தில் இருந்தால் பாரமும் சமமாகப் பிரியும். அம்பத்தூரில் கோட்டில் வரும் அதே 120 பாகை, யாழ்ப்பாணத்தில் கல்லில் இருக்கிறது.

அம்பத்தூரில் பொங்கல் பெரும்பாலும் கேஸ் அடுப்பில் பொங்குகிறது. கோலம் மட்டும் வாசலில். அடுக்ககங்களில் அந்த வாசலும் சுருங்கி, ஒட்டுக்கோலம் வந்துவிட்டது. எனக்கு அது வலிக்கிறது. கதவு முன்னால் 37 புள்ளிக்கு இடமில்லாவிட்டாலும் மூன்றுக்கு ஒரு சாண் போதும். பிள்ளைகளை அந்தச் சிக்கிலிருந்து தொடங்கச் சொல்லலாம்.