மஞ்சள் சீ கிங்குகளுக்குப் பின்

பிரிட்டனில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக, கடலில் தவித்தவர்களையும் மலையில் விழுந்து கிடந்தவர்களையும் பெரும்பாலும் ராணுவ ஹெலிகாப்டர்கள்தாம் தூக்கி வந்தன. விமானப்படையின் சீ கிங் ஹெலிகாப்டர் மஞ்சள். கடற்படையுடையது சிவப்பும் சாம்பலும். 2015 ஏப்ரல் முதல் இந்த வேலை தளம் தளமாக பிரிஸ்டோ ஹெலிகாப்டர்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்குக் கைமாறியது. அக்டோபரில் சிவ்னர் தளத்தோடு விமானப்படை விடைபெற்றது, ஆண்டு முடிவில் கடற்படையும் ஒதுங்கியது. பத்தாண்டுக்கு 160 கோடி பவுண்டு ஒப்பந்தம். இளவரசர் வில்லியம் மூன்றாண்டு ஓட்டிய வண்டி என்பதால் சீ கிங் மீது பாசம் கூடுதலாக இருந்தது. அந்தப் பாசத்தைத் தள்ளிவைத்துவிட்டு இந்த மாற்றத்தை எடைபோடுவதுதான் நியாயம்.

அப்போது எழுந்த முதல் சந்தேகம்: சம்பளத்துக்கு வேலை செய்பவன் புயலில் உயிரைக் கொடுப்பானா? இதற்கு 1997லேயே பதில் கிடைத்துவிட்டது. அந்த நவம்பரில் ஷெட்லாந்துக்கு அருகே கிரீன் லில்லி என்ற சரக்குக் கப்பல் இயந்திரம் நின்று பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. மீட்கச் சென்றது சம்பரோ தளத்தின் கடலோரக் காவல் ஹெலிகாப்டர். அதை இயக்கியது பிரிஸ்டோதான். சில வட தளங்கள் 1980களிலிருந்தே தனியாரிடம் இருந்தன. கயிற்றில் இறங்கி ஆளைத் தூக்கிவிடும் வின்ச்மேன் பில் டீக்கன் கப்பல் தளத்தில் இறங்கி 10 மாலுமிகளை மேலே அனுப்பினார். அவர் ஏறுமுன் அலை அவரைக் கொண்டுபோயிற்று. ஜார்ஜ் பதக்கம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. துணிச்சலுக்கும் சீருடைக்கும் முடிச்சுப் போடும் வாதத்தை இதோடு விட்டுவிடலாம்.

அடுத்து, சேவையின் தரம். அழைப்பு வந்தால் பகலில் 15 நிமிடத்திலும் இரவில் 45 நிமிடத்திலும் கிளம்ப வேண்டும் என்ற விதி ராணுவ காலத்திலும் இருந்தது, 2015இல் கைமாறிய பின்னும் தொடர்ந்தது. 1978இல் பணிக்கு வந்த விமானப்படை சீ கிங்கைவிட பிரிஸ்டோவின் புதிய எஸ்-92 ஹெலிகாப்டர் வேகமானது. சம்பவ இடத்துக்குப் பறக்கும் சராசரி நேரம் 23 நிமிடத்திலிருந்து 19ஆகக் குறையும் என்றது அரசு. ஆனால் சராசரி என்பது எங்கோ ஒருவருக்கு லாபம், எங்கோ ஒருவருக்கு நஷ்டம். 12 தளங்கள் 10 ஆயின. வடகிழக்குக் கரையின் போல்மர் மூடப்பட்டதும் அந்தக் கரைக்காரர்கள் ஹம்பர்சைடையோ ஸ்காட்லாந்தையோ எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. வருவதாகச் சொன்ன இன்னொரு வகையான ஏடபிள்யூ189 நேரத்துக்கு வரவில்லை; சிறிய ஏடபிள்யூ139ஐ வைத்துக் கொஞ்ச காலம் சமாளித்தார்கள். 2022இல் பிளிமத் மருத்துவமனைத் தளத்தில் எஸ்-92 இறங்கியபோது அதன் சுழலிக் காற்று தள்ளியதில் அருகே இருந்த முதியவர் ஒருவர் விழுந்து இறந்தார். இதைத் தனியார்மயத்தின் பலியாகச் சொல்வது தவறு. விமானப்படையையே மீட்புப் பணியில் வைத்துக்கொண்ட நார்வேயிலும் புதிய பெரிய ஹெலிகாப்டரின் காற்றைப் பல மருத்துவமனைத் தளங்கள் தாங்கவில்லை.

செலவு பற்றி இரு தரப்பும் சத்தமாகப் பேசின. எனக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை. சீ கிங்கின் செலவு பாதுகாப்புப் பட்ஜெட்டில் பயிற்சி, ஓய்வூதியம், பட்டறை என்று பல தலைப்புகளில் கரைந்திருந்தது. ஒப்பந்தத்தின் செலவோ ஒரே வரியில் இருக்கிறது. பட்டவர்த்தனமான எண்ணையும் சிதறிய எண்ணையும் வைத்து எது மலிவு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. உண்மையான காரணம் வேறு: சீ கிங்குகளுக்கு வயதாகிவிட்டது, புதியவை வாங்கும் மூலதனத்தை அரசு தன் கையிலிருந்து போட விரும்பவில்லை.

ஒப்பந்தம் என்றால் நேர்மை தானாக வந்துவிடாது என்பதற்கும் இதே கதையில் சான்று உண்டு. 2010இல் சோட்டீரியா என்ற கூட்டமைப்பு 600 கோடி பவுண்டு, 25 ஆண்டுத் திட்டத்துக்குத் தேர்வானது. அந்தத் திட்டத்தில் ராணுவப் பணியாளர்களும் கலந்து பறப்பதாக இருந்தது. ஏலத்தின் ரகசிய விவரங்கள் கூட்டமைப்பின் உறுப்பினரான சிஎச்சி நிறுவனத்துக்குக் கிடைத்திருந்தது தெரியவரவே, 2011 பிப்ரவரியில் அரசு அதை ரத்து செய்தது. அடுத்து வந்த டெண்டரில் ராணுவத்துக்கு இடமே இல்லை. கலப்பு முறை சோதித்துப் பார்த்துத் தோற்கவில்லை. ஓர் ஊழலின் பக்க விளைவாக மறைந்தது. இதை யாரும் அதிகம் பேசாதது வியப்பு.

ராணுவம் விலகியதில் உண்மையாகவே இழந்தது இரண்டு. ஒன்று, திடீரென்று குவிக்கும் வலு. 2004 ஆகஸ்டில் கார்ன்வாலின் பாஸ்காசில் கிராமத்தை வெள்ளம் அடித்தபோது ராணுவமும் கடலோரக் காவலும் சேர்த்து 7 ஹெலிகாப்டர்கள் கூரைகளிலிருந்தும் மரங்களிலிருந்தும் மக்களை அள்ளின. ஒருவரும் இறக்கவில்லை. இன்றும் ராணுவ ஹெலிகாப்டர்களை உதவிக்கு அழைக்கலாம்தான். ஆனால் வின்ச் கயிற்றில் ஆளைத் தூக்குவது அவர்களுக்கு இனி தினப்படி வேலை இல்லை. கை பழகாத வேலை அவசரத்தில் தடுமாறும்.

இரண்டு, ஆள். தொடக்கத்தில் பிரிஸ்டோவுக்கு வந்தவர்களில் பலர் விமானப்படையிலும் கடற்படையிலும் பழகிவந்தவர்கள். கிணறு வெட்டியவர் ஒருவர், இறைத்தவர் இன்னொருவர் என்ற கதைதான். மீட்புப் படைப்பிரிவுகளே கலைந்த பிறகு அடுத்த தலைமுறையை நிறுவனமே உருவாக்க வேண்டும். அதற்கான செலவு ஒப்பந்தத்தின் விலையில் முழுதாக ஏறும்போதுதான் கணக்கு முழுமையாகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் அயர்லாந்தில் இருக்கிறது. 1999 ஜூலையில் அந்நாட்டு ராணுவ விமானப் பிரிவின் டோஃபின் ஹெலிகாப்டர் ட்ரமோர் அருகே மணற்குன்றில் மோதி நால்வர் இறந்தனர். வாட்டர்ஃபோர்ட் தளத்தில் இரவுப் பணி தொடங்கியதும் வந்த முதல் இரவு மீட்பிலிருந்து திரும்பும் வழி அது. சில ஆண்டுகளில் ராணுவம் இந்த வேலையிலிருந்து முற்றாக விலக, சிஎச்சி நிறுவனம் நான்கு தளங்களையும் ஏற்றது. 2017 மார்ச் 14 நள்ளிரவுக்குப் பின் அதன் எஸ்-92, எரிபொருள் நிரப்ப பிளாக்ஸாட் நோக்கித் தாழப் பறந்தபோது பிளாக்ராக் தீவில் மோதியது. மீண்டும் நால்வர். தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவியின் தரவுத்தளத்தில் அந்தத் தீவே இல்லை. இதைப் பணியாளர் ஒருவர் 2013லேயே மின்னஞ்சலில் சுட்டிக்காட்டியிருந்தார். 2021இல் வந்த விசாரணை அறிக்கை 42 பரிந்துரைகளைத் தந்தது. அதில் என்னை நிறுத்தியது தொழில்நுட்பப் பகுதியல்ல. மீட்புப் பறத்தலை மேற்பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதில் அரசு அமைப்புகளுக்குள்ளேயே தெளிவிருக்கவில்லை. வேலையை ஒப்பந்தத்தில் வாங்கிய அயர்லாந்துக் கடலோரக் காவலிடம் விமானத்துறை அறிந்த சொந்த ஆள் இருக்கவில்லை.

ஒரு விபத்து சீருடையோடு, ஒன்று சீருடையில்லாமல். ஓட்டுபவனை மாற்றியதால் ஆபத்து நீங்கவும் இல்லை, புதிதாக முளைக்கவும் இல்லை. ராணுவம் தானே ஓட்டியபோது, தவறைக் கண்டுபிடிக்கக்கூடிய அறிவாவது அரசுக்குள் இருந்தது. வேலையை வெளியே கொடுத்த கையோடு அந்த அறிவையும் வெளியே விட்டதுதான் அயர்லாந்தின் பிழை.

ஆகவே என் தீர்ப்பு: கரையோர மீட்பைப் பொறுத்தவரை பிரிட்டன் செய்தது சரி. சுற்றுலாப் பயணியையும் மீனவரையும் காப்பது படைவேலை அல்ல. எங்கே, எப்போது பறக்க வேண்டும் என்று அழைப்பது அரசின் கடலோரக் காவல்தான், நிறுவனம் அல்ல. ஆனால் இதே தர்க்கத்தை ஃபாக்லாந்து தீவுகளுக்கும் நீட்டியதை ஏற்க முடியாது. 1982இல் போர் நடந்த இடம். அங்கே படை நிற்பதன் காரணமே இன்னொரு போர் வரலாம் என்பது. அங்கும் சீ கிங் போன பின் ஒப்பந்த நிறுவனத்தின் ஏடபிள்யூ189 வந்தது. குண்டு விழும்போது குடிமகனான விமானியைப் பறக்கச் சொல்ல எந்தத் தளபதிக்கும் அதிகாரம் இல்லை. பிரிட்டன் பிரிஸ்டோவோடு கையெழுத்திட்ட அதே 2013இல் நார்வே தன் விமானப்படையின் 330ஆம் மீட்புப் படைப்பிரிவுக்கு 16 புதிய ஹெலிகாப்டர்களை வாங்க ஒப்பந்தம் போட்டது. ரஷ்யாவோடு எல்லை பகிரும் நாட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்துகிறது.

2022இல் பிரிட்டன் மறுபடியும் பிரிஸ்டோவையே தேர்ந்தெடுத்தது, மீண்டும் 160 கோடி பவுண்டு அளவில். மறு ஆண்டு அயர்லாந்தும் சிஎச்சியை விட்டு அதே நிறுவனத்துக்கு வந்தது. இரண்டு தீவுகளின் ஹெலிகாப்டர் மீட்பும் இப்போது ஒரே கையில். ராணுவத்திடம் திரும்பக் கொடுக்கலாம் என்றால் அங்கே பழகிய ஆள் இல்லை. போட்டியாளர்களும் தளமும் பணியாளரும் இல்லாமல் காத்திருக்க மாட்டார்கள். அடுத்த டெண்டரில் எதிரே நிற்க ஒருவர்கூட இல்லையென்றால், விலையைச் சொல்வது அரசாக இருக்காது.