கட்டைக்காலை மறைத்த காதல்

போருக்குப் போன கணவன் பல ஆண்டு கழித்துத் திரும்புகிறான். வந்தவன் அவன்தானா என்று ஊருக்குச் சந்தேகம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு டென்னசியில் நடக்கும் ‘சாமர்ஸ்பி’ (1993) இந்தக் கருவை ரிச்சர்ட் கியர், ஜோடி ஃபாஸ்டர் நடிப்பில் காதல் கதையாக்கியது. 1982இல் வந்த பிரெஞ்சுப் படம் ஒன்றின் மறு ஆக்கம் அது. இரண்டுக்கும் மூலம், தென்மேற்கு பிரான்ஸின் ஆர்த்திகா கிராமத்தில் எழுந்த ஓர் உண்மை வழக்கு.

தந்தையின் தானியத்தைத் திருடிய பழிக்கு அஞ்சி 1548இல் ஊரை விட்டு ஓடினான் மார்த்தேன் கெர். 1556இல் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஒருவன், மார்த்தேனின் மனைவி பெர்த்ராந்தோடு மூன்றாண்டு குடும்பம் நடத்தினான், பிள்ளையும் பெற்றான். சித்தப்பாவிடம் சொத்துக் கணக்குக் கேட்டதும்தான் வம்பு முற்றியது. மார்த்தேனின் பாதம் இதைவிடப் பெரியது என்று செருப்புத் தைப்பவரே சாட்சி சொன்னார். 1560இல் துலூஸ் நீதிமன்றம் வந்தவன் பக்கம் சாய்ந்திருந்த நேரத்தில், ஸ்பெயின் படையில் சேர்ந்து கால் இழந்த அசல் மார்த்தேன் கட்டைக்காலோடு வந்து நின்றான். போலியைத் தூக்கில் போட்டார்கள். அசல் கணவனோ, அழுத மனைவியிடம் இரங்கவில்லை. ஊரார் ஏமாறலாம், நீ எப்படி ஏமாந்தாய் என்று அவள்மேலேயே பாய்ந்தான் என்கிறது நீதிபதி கொராஸின் பதிவு.

கதையின் உயிர் இந்தக் கேள்விதான். பெர்த்ராந்து தெரிந்தே உடன்பட்டாள் என்று வாதிட்டார் பிரெஞ்சுப் படத்துக்கு ஆலோசகராக இருந்த வரலாற்றாசிரியர் நட்டாலி சீமோன் டேவிஸ். ஆவணங்கள் அவ்வளவு தூரம் போக இடம் தரவில்லை என்று 1988இல் ராபர்ட் ஃபின்லே மறுத்தார். எனக்கு ஃபின்லேயின் எச்சரிக்கை நியாயமாகப் படுகிறது. ஆனாலும் டேவிஸின் பெர்த்ராந்துதான் மனத்தில் நிற்கிறாள்.

‘சாமர்ஸ்பி’ அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. அதில் அசல் கணவன் ஜாக் முரடன். கதை தொடங்கும் முன்பே செத்துப்போனவன். வந்தவனோ அன்பானவன், புத்தகம் படித்துக் காட்டுகிறவன். இப்படி வைத்துவிட்டால் மனைவி லாரல் யாருக்கும் துரோகம் செய்ததாகாது. அவள் காதலுக்கு விலையும் கிடையாது. இந்த வகைக் காதல் படங்களின் நாள்பட்ட நோய் இது: நாயகிக்குச் சங்கடம் வரக்கூடாது என்று பழைய கணவனைக் கெட்டவனாக்கிக் கொன்றுவிடுவார்கள்.

ஆனால் பின்பாதியில் படம் நிமிர்ந்துகொள்கிறது. வந்தவன் ஊராரோடு புகையிலை பயிரிட்டு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவருக்கும் நிலம் விற்கிறான். அந்தச் சமயத்தில், ஜாக் முன்பு செய்த கொலைக்காக அவனைக் கைதுசெய்கிறார்கள். நான் ஜாக் இல்லை என்று சொன்னால் உயிர் பிழைக்கும், ஆனால் அவன் எழுதிக் கொடுத்த பத்திரங்கள் செல்லாமல் போகும். இது அசல் வழக்கிலும் இல்லாத, படத்துக்கே உரிய நல்ல கற்பனை. அங்கே பெயர் சொத்தைப் பறிக்க உதவியது, இங்கே கொடுத்த சொத்தைக் காக்கிறது. அதனால்தான் நீதிமன்றக் காட்சியில், அவனைக் காப்பாற்ற இவர் என் கணவரில்லை என்று சாதிக்கும் லாரலும், கணவன்தான் என்று அவளிடமே குறுக்கு விசாரணை நடத்தும் அவனும், அதுவரை படத்தில் இல்லாத வேகத்தோடு மோதிக்கொள்கிறார்கள்.