சொல்லாமல் கொடுத்த கனி

தை மாதத்தில் ஒரு நாள் காலை அஞ்செட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஒகேனக்கல் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சாலை ஓரத்தில் சாக்கை விரித்து, ஒரு கிழவி காட்டு நெல்லிக்காயைக் கூறு கட்டி வைத்திருந்தாள். நான் நின்று பார்ப்பதைக் கண்டு ஒரு காயை எடுத்து நீட்டினாள்.

"தின்னப்பா. ஆமேலே தண்ணி குடி" என்றாள்.

'ஆமேலே' என்றால் கன்னடத்தில் 'அப்புறம்'. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்துக்குள் குடித்தனம் நடத்துகிற ஊர் அது. கடித்தேன். புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து நாக்கைச் சுருட்டிவிட்டன. டீக்கடைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தொண்டை வரையில் தித்தித்தது. தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்று கிழவி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தத் தித்திப்பில் பாதி போயிருக்கும்.

பஸ் வருகிற வரையில் என் பழைய குற்றம் ஒன்று மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு தீபாவளி மலருக்காக, அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த சம்பவத்தைக் கதையாக எழுதினேன். அதில் கனியைக் கையில் வைத்துக்கொண்டு அதியமான் ஒன்றரைப் பக்கம் பேசுகிறான். இதைத் தின்றவர் நெடுநாள் வாழ்வார், அரசன் போனால் இன்னொரு அரசன் வருவான், ஆனால் தமிழ் பாட ஔவை ஒருத்திதானே உண்டு என்று பிரசங்கம் செய்கிறான். பாராட்டிக் கடிதங்கள்கூட வந்தன. அந்தக் கதை தப்பு என்று இப்போது நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

மூலப் பாட்டு புறநானூற்றில் 91-வது. உ. வே. சாமிநாதையர் 1894-ல் அந்த நூலை அச்சிட்டதிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நானும் படித்துவிட்டுத்தான் கதை எழுதினேன். ஆனால் பாட்டைப் படித்தேனே தவிர, அதன் சொற்களைப் பார்க்கவில்லை. பழமையான ஒரு பெரிய மலையின் பிளவில், ஏறுவதற்கு அரிய உச்சியில் கிடைத்த கனி; அதனால் வரும் பயனைச் சொல்லாமல் உன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, எனக்குச் சாவு நீங்கும்படி கொடுத்துவிட்டாயே என்கிறாள் ஔவை. அதியமான் வாயைத் திறக்கவே இல்லை. அவன் வாய் திறக்காததுதான் பாட்டின் உயிர். அவன் மூடிய வாயை நான் திறந்துவைத்து, அதற்குள் ஒரு மேடைப் பேச்சைத் திணித்திருக்கிறேன்.

நான் மட்டும் செய்த காரியமல்ல இது. பள்ளிக்கூட மேடை நாடகங்களிலும் அதியமான் கனியின் மகிமையைச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறான். சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருப்பாளா? அவனையே தின்னச் சொல்லியிருப்பாள். அவள் தின்ன வேண்டுமானால் அவன் மௌனமாக இருக்க வேண்டும். ஆகவே மௌனம் இங்கே வெறும் அடக்கமல்ல, கொடைக்குள் மறைந்திருக்கும் இன்னொரு கொடை.

அந்தப் பாட்டில் ஔவை அவனைச் சிவபெருமானோடு ஒப்பிடுகிறாள். நெற்றிப் பிறையைச் சொல்லி, நீல மணி போன்ற கழுத்தையும் சொல்கிறாள். அரசனைத் தெய்வத்துக்கு ஒப்பிடுவது சகஜந்தானே என்று முதலில் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அப்படித் தாண்டக்கூடாது. அந்தக் கழுத்து நீலமானது, விஷத்தை வெளியே விடாமல் உள்ளே நிறுத்தியதால். தெய்வம் உலகத்துக்காக விஷத்தைத் தொண்டையில் அடக்கியது. அரசன் ஒரு கிழவிக்காக அமுதத்தின் ரகசியத்தை மனத்தில் அடக்கினான். இந்த உவமையைப் படித்துவிட்டு அவனைப் பேசவைத்த என்னை என்னவென்று சொல்வது!

இன்னொரு விஷயம். பாட்டு அதை 'இனிய கனி' என்கிறது; இலை சிறியது என்றும் சொல்கிறது. இலை விஷயத்தில் அணுவளவும் பிசகில்லை. இலைகள் அவ்வளவு சிறியவையாக, இறகைப் போல நெருங்கி அடுக்கியிருக்கும். மரத்தைப் பார்த்து எழுதியவளுக்குக் காய் புளிக்கும் என்பது தெரியாதா? தெரியும். நெல்லி தின்னும்போது இனிப்பதல்ல, பின்னால் இனிப்பது. உண்மை தெரிந்த பிறகு பாடுகிறாள் ஔவை. அப்போது அந்தப் புளிப்பு இனிப்பாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

நெல்லியைப் பற்றிய இன்னொரு பாட்டு, குறுந்தொகையில் 262-வது, பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. ஊர் பழி தூற்றுகிறது, தாய் அடிக்கிறாள். அந்தத் தாய் தன் வீட்டில் தனியாகவே இருக்கட்டும் என்று தோழி தலைவியைக் காதலனோடு அனுப்பத் துணிகிறாள். நீ நெல்லி தின்ற பற்கள் பளபளக்க, வானளாவிய மலைச்சரிவில் யானையின் அடிச்சுவட்டில் தேங்கிய தண்ணீரை அவனோடு குடிப்பதை நினைத்துப் பார்த்தேன் என்கிறாள். அந்தச் சுவடுகள் எப்படி இருக்கின்றன? கரும்பு நடுவதற்கு வெட்டிய பாத்திகள் மாதிரி! நெல்லிக்குப் பிறகு தண்ணீர் இனிக்கும் என்று கவிஞர் சொல்லவே இல்லை. கரும்பை மட்டும் உவமைக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். அஞ்செட்டிக் காடு இன்றும் யானைக்காடு. 2014-ல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட பகுதி. அங்கே ஓடைக்கரைச் சேற்றில் அடிச்சுவடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை அலங்காரமாகத் தோன்றாது.

பேசிக்கொண்டே நெல்லி கொடுத்த அரசனும் ஒருவன் உண்டு. அசோகாவதானம் என்ற வடமொழி நூலில் அந்தக் கதை வருகிறது. அசோகச் சக்கரவர்த்தியின் கடைசி நாட்களில் மந்திரிகள் கஜானாவை அடைத்துவிடுகிறார்கள். கையில் மிஞ்சியது பாதி நெல்லிக்காய். 'இன்று என் ஆட்சி இந்தப் பாதிக் காயின்மேல்தான்' என்ற பொருளில் புலம்பிவிட்டு, அதைப் பிக்ஷுக்களின் மடத்துக்கு அனுப்புகிறான். அங்கே அதைக் குழம்பில் அரைத்துக் கலந்து எல்லோருக்கும் பரிமாறுகிறார்கள். அசோகனின் கல்வெட்டில் 'சத்தியபுத்திரர்' என்று தெற்கத்தி அரசர் குலம் ஒன்று வருகிறது. திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பையில் 1981-ல் கண்டுபிடித்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியை அந்தப் பெயராலேயே குறிப்பிடுகிறது. அசோகன் கதையும் உருக்கமான கதைதான். ஆனால் அங்கே சோகம் பேச்சில் இருக்கிறது. இங்கே பேசாததில் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் உசத்தி.

நாட்டு வழக்கங்கள் வேறு ரகம். துவாதசிப் பாரணைக்கு நெல்லிக்காய் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ராத்திரியிலும் தின்னக்கூடாது என்பார்கள். கன்னடம் பேசும் வீடுகளில் கார்த்திகை மாதத் துளசி பூஜையன்று காயோடு கூடிய நெல்லிக் கிளையைத் துளசிக்குப் பக்கத்தில் நடுவார்கள். கிணற்று நீர் தெளிய நெல்லிக் கட்டையைப் போடுவதும் உண்டு. ஐரோப்பாவின் வடக்கே ரோவன் என்று ஒரு மரம். அதற்கும் இறகு போன்ற இலை, சிவந்த புளிப்புப் பழம். சூனியக்காரிகள் அண்டாமலிருக்க அதை வீட்டு வாசலில் நட்டார்கள். பழத்தைச் சர்க்கரையோடு காய்ச்சிப் பாகும் செய்தார்கள். மரம் மனிதனுக்கு என்ன செய்யும் என்று கேட்பது நாட்டு வழக்கம். அந்த மரத்தை வைத்துக்கொண்டு மனிதன் மனிதனுக்கு என்ன செய்தான் என்று கேட்பது இலக்கியம். என் கதை கனியின் மகத்துவத்தைப் பேசி, முதல் கேள்வியோடு நின்றுவிட்டது.

தெளிவான விஷயத்தை 'உள்ளங்கை நெல்லிக்கனி' என்கிறோம். அதியமானின் உள்ளங்கையில் கனி தெளிவாகத்தான் தெரிந்தது. தெரியாதது அவன் மனம். கதை எழுதுகிற நாம் கனியைக் காட்டினால் போதும். கையை விரித்து மனத்தையும் காட்டிவிட அவசரப்படுகிறோம்.

அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி. 2004-ல் கிருஷ்ணகிரி பிரியும்வரை அஞ்செட்டியும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. அஞ்சி என்ற பெயரையும் அஞ்செட்டியையும் முடிச்சுப்போட எனக்கு ஆசைதான். ஒலி ஒன்றாயிருப்பதை நம்பி அந்த வேலையில் இறங்குவதாக இல்லை.

நீ நிலைத்து வாழ்க என்று வாழ்த்திவிட்டுத்தான் ஔவை நெல்லிக்கனியைச் சொல்கிறாள். அவன் நிலைக்கவில்லை, போரில் செத்தான். அதைப் பாட அவள் உயிரோடு இருந்தாள். அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர்களின் கைகளைத் துளைத்து, புலவர்களின் நாவில் போய் விழுந்தது என்று 235-வது பாட்டில் அழுகிறாள். அவன் கொடுத்த கனியைத் தின்றதும் அந்த நாக்குத்தான். இதைச் சொல்லக்கூட அவள் பாட்டில் நெல்லியைக் கொண்டுவரவில்லை.

என் கதை மறுபடி அச்சாகுமானால் அந்த ஒன்றரைப் பக்கத்தை அடித்துவிடுவேன். பாக்கி என்ன மிஞ்சும் என்று கேட்டால், ஒரு கை நீட்டுகிறது, இன்னொரு கை வாங்குகிறது. அவ்வளவுதான்.