முதலில் தாய், பிறகு பெயர்

பழைய ‘மல்லிகை’ இதழையோ ‘ஈழநாடு’ பத்திரிகையையோ தேடும் யாழ்ப்பாணத்தார் பலர் இன்று முதலில் திறப்பது நூலகம் இணையத்தளத்தை. 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகம் மீடியாவிக்கி என்ற மென்பொருளின்மேல் இயங்குகிறது. தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் அடித்தளம் அதுவே. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய மீடியாவிக்கியின் நிரலை எவரும் வாசிக்கலாம். அண்மைய பதிப்புகளில் உள்ள ஒரு சின்னக் கோப்பு எனக்கு மிகப் பிடித்தது.

விக்கியின் மிக நீண்ட பக்கங்களைப் பட்டியலிடும் வகுப்பு அது. குறுகிய பக்கங்களைப் பட்டியலிடும் வகுப்பு அதன் தாய். வேலை ஒன்றே, வரிசைதான் தலைகீழ். ஆகவே மகளின் கொன்ஸ்ட்ரக்டரில், அதாவது வகுப்பிலிருந்து ஒரு பொருளை உருவாக்கும்போது இயங்கும் பகுதியில், இரண்டு கூற்றுகள் போதும். தனக்கு வந்தவற்றையெல்லாம் முதலில் தாயின் கொன்ஸ்ட்ரக்டரிடம் கொடுக்கிறது. பிறகு தன் பெயரை ‘நீண்ட பக்கங்கள்’ என்று மாற்றிக்கொள்கிறது. இந்த ஒழுங்கில்தான் அழகே இருக்கிறது. தாயின் கொன்ஸ்ட்ரக்டர் ‘குறுகிய பக்கங்கள்’ என்ற பெயரைப் பதிந்துவிடும். கூற்றுகளை இடம் மாற்றிப் போட்டால் மகள் சூடிய பெயரைத் தாய் அழித்துவிடுவாள். அந்த வரியில் பிழைச் செய்தி எதுவும் வராது.

ஜாவாவில் தாயை அழைக்க மறந்தால் கம்பைலர் தானே அழைக்கப் பார்க்கும், முடியாவிட்டால் நிரலை ஏற்காது. ஜாவாஸ்கிரிப்டில் ‘சூப்பர்’ அழைப்புக்கு முன் ‘திஸ்’ஸைத் தொட்டால் அங்கேயே பிழை. பிஎச்பி அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை. மகள் சொந்தமாகக் கொன்ஸ்ட்ரக்டர் எழுதிவிட்டால் தாயை அழைப்பது நிரலர் பொறுப்பு. விட்டாலும் பொருள் உருவாகிவிடும், தாய் நிரப்பியிருக்க வேண்டியவை மட்டும் வெறுமையாகக் கிடக்கும். கேட்பாரில்லாத இடத்தில் சரியாக எழுதியிருப்பதால்தான் இந்தக் கையெழுத்தை மதிக்கிறேன்.

பிஎச்பி 4 காலத்தில் வகுப்பின் பெயரே கொன்ஸ்ட்ரக்டரின் பெயரும். மீடியாவிக்கியின் பழைய நீட்சிகள் சிலவற்றில் தாயைப் பெயர் சொல்லியே அழைத்திருப்பார்கள். இடையில் புதிய தலைமுறையொன்று புகுந்தால் அந்த அழைப்பு அதைத் தாண்டிப் போய்விடும். ‘பேரன்ட்’ என்று அழைத்தால் தாண்டாது. கொன்ஸ்ட்ரக்டருக்குப் பொதுப் பெயர் 2004இல், பிஎச்பி 5உடன் வந்தது. 2020இல் பிஎச்பி 8 பழைய முறையை முற்றாகக் கைவிட்டது.

நீண்ட பக்கங்களுக்கு மேலே குறுகிய பக்கங்கள், அதற்கு மேலே வினவல் பக்கம், உச்சியில் சிறப்புப் பக்கம் என நாலு தலைமுறை. கடைசி மகளுக்குத் தெரிந்தது தன் தாயை மட்டுமே. தாய் தன் பங்குக்குப் பெயரை மேலே அனுப்ப, அது உச்சிவரை போய்ச் சேர்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் தொடங்கும் மாணவருக்கு, பாடப்புத்தகத்து மிருகம், நாய் உதாரணத்துக்கு முன்பே இந்தக் கோப்பைத்தான் திறந்து காட்டுவேன்.