ரோசிக்கு ஒரு நாற்காலி

ஏப்ரல் மாதத்தில் சென்னையில் நடக்கும் பி.கே. ரோசி திரைப்பட விழாவுக்குப் போய்விட்டு, கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிக்க சென்ட்ரலுக்கு ஓடுவது எனக்குப் பழகிவிட்டது. அரங்கில் பார்த்த படம் பொன்னேரி வரைக்கும் கூடவே வரும். அங்கே சிப்காட்டுக்கு இரவு ஷிப்ட் போகிறவர்கள் ஏறுவார்கள். பெட்டியில் இந்தியும் ஒடியாவும் கேட்கும். 'நாம இன்னிக்கிப் பாத்தது யாரைப் பத்தின படம், பாத்தவங்க யாரு?' என்கிற கேள்வி எனக்கு அங்கேதான் தோன்றும்.

பா. ரஞ்சித் தொடங்கிய நீலம் பண்பாட்டு மையம், தலித் வரலாற்று மாதத்தை ஒட்டி இந்த விழாவை நடத்துகிறது. ஒடுக்கப்பட்டவர்களின் சினிமாவும் உலக சினிமாவும் ஒரே திரையில் வருவது தமிழ்ச்சூழலில் சின்ன விஷயமல்ல. ஆனால் நான் இங்கே பேச நினைப்பது விழாவின் பட்டியலைப் பற்றியல்ல, அதன் பெயரைப் பற்றி.

ரோசி புல் அறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகத்தில் நடித்தவர், தலித். ஜே.சி. டேனியல் எடுத்த முதல் மலையாளப் படமான 'விகதகுமார'னில் நாயர் பெண்ணாக நடித்தார். படம் வெளிவந்தது 1928லா 1930லா என்பதில் இன்றும் சர்ச்சை உண்டு. திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் முதல் காட்சி நடந்தபோது அவரை உள்ளே விடவில்லை. அவர் வந்தால் தாங்கள் வரமாட்டோம் என்றார்கள் பெரிய மனிதர்கள். திரையில் அவர் நாயர் பெண்ணாக வந்ததைப் பொறுக்காமல் கல்லெறிந்தார்கள். அவருடைய குடிசையைக் கொளுத்தினார்கள் என்றும், அவர் ஒரு லாரியில் ஏறித் தமிழ்நாட்டுக்குத் தப்பிவந்து, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து மறைந்தார் என்றும் சொல்லப்படுகிறது. படச்சுருள் இன்று இல்லை.

ஆக, மலையாளத்தின் முதல் கதாநாயகி தன் படத்தின் முதல் காட்சியைப் பார்க்க முடியாதவர். அவர் பெயரை வைத்துக்கொண்ட விழா, திரையில் யார் இருக்கிறார்கள் என்பதோடு நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். இது பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2023 மார்ச் 30 அன்று கோயம்பேட்டில் ஒரு தியேட்டர் வாசலில், கையில் டிக்கெட்டோடு நின்ற நரிக்குறவர் குடும்பத்தைத் தடுத்து நிறுத்தினார்கள். வீடியோ பரவியது. சான்றிதழ் விதி, குழந்தைகளின் வயது என்று விளக்கம் வந்தது. ரோசிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடுவே தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வாசல் மட்டும் அங்கேயே இருக்கிறது.

திருவள்ளூர் மாவட்டக்காரனான எனக்கு இது இருளர்களை நினைக்காமல் முடியாது. ஏரிக்கரையிலும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் பார்த்து வளர்ந்த முகங்கள். அவர்களைத் தமிழ்நாடு முழுக்கப் பேசவைத்தது த.செ. ஞானவேலின் 'ஜெய் பீம்' (2021). அதன் கடைசிக் காட்சியை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வக்கீல் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படிக்கிறார். பக்கத்து நாற்காலியில் சிறுமி அல்லி தயங்கித் தயங்கிப் பேப்பரை எடுக்கிறாள். அவர் ஒரு பார்வை பார்த்து ஊக்கம் கொடுத்ததும் அவளும் கால்மேல் கால் போடுகிறாள். முதல் தடவை அழுதுவிட்டேன். பிறகுதான் உறைத்தது: அவள் உட்கார்ந்தது அவர் கொடுத்த நாற்காலியில், அவர் பார்வையின் அனுமதியோடு. படத்தின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அந்த நேர்மை எட்டும் தூரம் அவ்வளவுதான் என்கிறேன்.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது பிரியநந்தனனின் 'தபாரி குருவி'. அட்டப்பாடியில் இருளர் மொழியில், முழுக்கப் பழங்குடிகளே நடித்த படம். 2022 கோவா விழாவின் இந்தியன் பனோரமாவில் திரையிடப்பட்டது. இங்கே மொழியும் உடலும் அவர்களுடையவை. கேமராவுக்குப் பின்னால் இருக்கும் நாற்காலி மட்டும் இன்னும் கைமாறவில்லை.

அது கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு ராஞ்சியைப் பார்க்கலாம். பிஜு டோப்போ ஒராவ் ஆதிவாசி. மேக்நாத்தோடு சேர்ந்து 'அக்ரா' என்ற குழுவாக ஆவணப்படம் எடுப்பவர். அவர்களுடைய 'லோஹா கரம் ஹை' ஸ்பாஞ்ச் அயர்ன் ஆலைகளின் கரி சுற்றுக் கிராமங்களின் வயலையும் நுரையீரலையும் எப்படி மூடுகிறது என்பதைக் காட்டுகிறது. அதில் பழங்குடிகளைப் பார்த்து யாரும் பரிதாபப்படுவதில்லை. தங்கள் நிலத்தில் நடப்பதைத் தாங்களே சாட்சி சொல்கிறார்கள். கும்மிடிப்பூண்டிக்காரன் அதைத் தூரத்து ஊர்க்கதையாகப் பார்க்க முடியாது. இங்கேயும் இரும்பு உருக்கும் உலைகள் உண்டு, விடிந்தால் மொட்டைமாடியில் கரி படிந்திருக்கும். அந்த உலைகளுக்கு முன்னால் நிற்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். அங்கே நிலம் போனவரும் இங்கே உலையில் வேகிறவரும் ஒரே வீட்டு ஆட்களாக இருக்கலாம்.

படம் மக்களிடம் போவது புதிய யோசனையும் அல்ல. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம், எண்பதுகளில் கேரளத்தில் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர் ஊராகப் போட்டுக்காட்டி, ஜனங்களிடம் காசு வசூலித்து, 'அம்ம அறியான்' (1986) எடுத்தார்கள். அதையும் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஊர் ஊராகக் காட்டினார்கள். இன்று நமக்கு அந்தப் புரொஜெக்டரின் கனம்கூட இல்லை.

"மொதல்ல சென்னையில ஒரு எடம் கிடைச்சதே பெருசு" என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். அந்த இடத்தைப் பிடிக்க எவ்வளவு உழைப்பு போயிருக்கும் என்று தெரியும். ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கிறவருக்கும், முன்பணம் வாங்கிக்கொண்டு சூளையில் கிடக்கிறவருக்கும் ஐம்பது கிலோமீட்டர் என்பது வேறு தேசம். அனுமதி இலவசம் என்பதால் மட்டும் அவர்களால் வந்துவிட முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபம் போதும். 'லோஹா கரம் ஹை' தமிழ் சப்டைட்டிலோடு, 'தபாரி குருவி' இந்தி சப்டைட்டிலோடு. நம்மைப் போன்றவர்கள் பின்வரிசையில் நிற்கலாம். யாராவது பாதியில் எழுந்து, "எங்க கதை இப்படி இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போகக்கூடும். அந்த விமர்சனத்தைக் கேட்கத்தான் நான் காத்திருக்கிறேன்.