பாட்டே பட்டயம்

கனடா நாட்டுப் பல்கலைக் கழகங்களில் பழங்குடி மக்கள் தொடர்பான நிகழ்ச்சிகள் இப்பொழுது ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன. ஜூன் 21 தேசியப் பழங்குடி மக்கள் நாள். செப்டம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். அவற்றையொட்டி மேள முழக்கம், செதுக்குக் கலைக் காட்சி, நிலவுரிமைச் சொற்பொழிவு, ஆய்வரங்கு. இவற்றை அறிவிப்போர் பண்பாடு, சட்டம், கல்வி என்று மூன்று தலைப்பில் வகுத்துவிடுவது எளிது. ஆடலும் பாடலும் முதல் தலைப்பில் அடங்கும். வழக்கறிஞர் உரை இரண்டாவதில். பேராசிரியர் கட்டுரை மூன்றாவதில்.

நிகழ்ச்சி நிரலையும் ஒரு நூலைப் போலவே ஆராயலாம். அதன் பகுப்பு முறையிலேயே வகுத்தவரின் மனம் தெரியும். பள்ளிக்கூடத்துக் கால அட்டவணையில் பாட்டு ஒரு பாடவேளை, வரலாறு ஒரு பாடவேளை, குடிமையியல் ஒரு பாடவேளை என நாம் பிரிப்பது கற்பிக்கும் வசதிக்காக. அந்த வசதியையே அறிவின் இயல்பு என்று கொண்டால் என்ன நேரும் என்பதைக் கனடாவில் நடந்த ஒரு வழக்கு தெளிவாகக் காட்டுகிறது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்கே வாழும் கிட்க்ஸான், வெட்சுவெட்டன் என்னும் இரு மக்களின் பரம்பரைத் தலைவர்கள், ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு உரிமை கோரி 1984இல் வழக்குத் தொடுத்தனர். டெல்கமூக் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பது இதனையே. கிட்க்ஸான் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ஆவணம் 'அடாவ்க்' எனப்படுவது. ஒரு குலவீட்டார் எங்கிருந்து வந்தனர், எந்த ஆற்றங்கரையை எவ்வாறு உரிமையாக்கினர், என்ன துயருற்றனர் என்பதெல்லாம் அதில் உண்டு. பாட்டும் அதன் உறுப்பே. 1987இல் மேரி ஜான்சன் என்னும் மூதாட்டி நீதிமன்றத்தில் அத்தகைய பாட்டொன்றைப் பாட முற்பட்டபோது நீதிபதி தயங்கினார். பாடுவது முறையான விசாரணை ஆகாது என்றும், தமக்கு இசை கேட்கும் செவி இல்லை என்றும் பொருள்படக் கூறினார். மூதாட்டியோ பாடியே தீர்த்தார்.

நீதிபதி கொடியவர் என்று இதனாற் கொள்ள வேண்டுவதில்லை. அவருடைய அட்டவணையில் பாட்டுக்கு வேறு பாடவேளை, அவ்வளவே. ஆனால் அதன் விளைவு சிறிதன்று. 1991இல் வந்த தீர்ப்பு வாய்மொழி வரலாற்றுக்கு மிகக் குறைந்த மதிப்பே தந்து, நிலவுரிமைக் கோரிக்கையைத் தள்ளியது. 1997 டிசம்பர் 11ஆம் நாள் கனடா உச்ச நீதிமன்றம் இது பிழையெனக் கண்டது. வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணங்களுக்கு ஒப்ப வைத்து எடைபோட வேண்டும் என்று கூறி, புது விசாரணைக்குக் கட்டளையிட்டது.

வாய்மொழி வாய்க்கு வாய் மாறிப் போகாதா? நேர்மையான கேள்விதான். அதற்கு அம்மக்களின் விருந்து மண்டபம் விடை கூறுகிறது. ஒருவர் தலைவர் பெயரை ஏற்கும்போதும், குலச்சின்னத் தூண் நாட்டும்போதும், வேற்றுக் குலவீட்டாரை அழைத்து அவர்கள் முன்னிலையில் தம் வரலாற்றைச் சொல்ல வேண்டும். கேட்டிருப்போர் பிழை கண்டால் மறுக்கலாம். அவர்கள் பெறும் பரிசுப் பொருள் சாட்சியாக இருந்தமைக்குக் கைம்மாறு. விருந்து என்று நாம் பெயர்க்கும் அது, அவர்களுக்கு நீதிமன்றமும் பதிவு அலுவலகமும் ஆகும். மேற்குக் கரை மக்களின் 'பொட்லாட்ச்' எனப்படும் இத்தகைய விருந்துகளைக் கனடா அரசு 1884இல் சட்டமியற்றித் தடை செய்தது. அத்தடை 1951 வரை நீடித்தது. ஒரு கொண்டாட்டத்தை நிறுத்தியதாக ஆட்சியாளர் எண்ணியிருக்கலாம். நிறுத்தப்பட்டதோ ஓர் இனத்தின் நீதி நிருவாகம்.

பல்கலைக் கழகத்துக்கும் இதில் பங்குண்டு. 1876ஆம் ஆண்டின் இந்தியர் சட்டப்படி, பழங்குடியினர் ஒருவர் பல்கலைக் கழகப் பட்டம் பெற்றாலோ வழக்கறிஞர் ஆனாலோ, சட்டத்தின் கண்ணில் அவர் தம் குடியினர் என்னும் நிலையை அக்கணமே இழப்பார். 1880இல் இக்கட்டாயம் தளர்ந்து, விரும்பி விண்ணப்பிப்போர்க்கு மட்டும் என்றாயிற்று. கல்வி வேண்டுமா, குலம் வேண்டுமா என்று ஒருகாலத்தில் சட்டம் கேட்ட வாயிலில்தான் இன்று வரவேற்பு மேளம் ஒலிக்கிறது. ஆகையால் இந்நிகழ்ச்சிகளை வெறும் உபசாரமாகக் கருதி விட்டுவிடலாகாது. அளந்து பார்க்க வேண்டும்.

முதலில் கலை. வான்கூவரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக் கழக வளாகத்தில் 2017 ஏப்ரல் முதல் நாள் நல்லிணக்கத் தூண் நாட்டப்பட்டது. ஹைடா இனத்துத் தலைவரும் சிற்பியுமான ஜேம்ஸ் ஹார்ட் ஏறத்தாழ 800 ஆண்டு வளர்ந்த செந்தேவதாரு மரத்தில் அதைச் செதுக்குவித்தார். உயரம் 55 அடி. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த விடுதிப் பள்ளியொன்றின் உருவம் அதன் நடுவே உள்ளது. கீழ்ப்பகுதி அப்பள்ளிகளுக்கு முந்திய காலம். மேற்பகுதி பிந்திய காலம். பள்ளிகளில் மாண்ட பிள்ளைகளுக்காக ஆயிரக்கணக்கான செம்பு ஆணிகள் அறையப்பட்டுள்ளன. அறைந்தவர்களுள் அப்பள்ளிகளிலிருந்து உயிர்தப்பியவர்களும் உண்டு. வழிப்போக்கர் இதைச் சிற்பம் என்று வியந்து செல்வர். மேற்கண்ட மரபை அறிந்தவர்க்கோ ஒவ்வோர் ஆணியும் ஒரு வாக்குமூலம். தூண் நாட்டுவதைக் காண வந்தவர் அனைவரும் சாட்சிகள். இவ்விளக்கம் இன்றித் தூணைக் காட்டும் விழா, ஆவணத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதற்கு ஒப்பாகும்.

அடுத்துச் சட்டம். 'கவஸ்கிம்ஹோன்' என்னும் மாதிரி வழக்காடல் ஆண்டுதோறும் ஒவ்வொரு சட்டக் கல்லூரியில் நடைபெறுகிறது. க்ரீ மொழியில் அறிந்து பேசுதல் என்பது அதன் பொருள். வழக்கமான மாதிரி நீதிமன்றத்தில் ஒரு பக்கம் வெல்ல வேண்டும், மறுபக்கம் தோற்க வேண்டும். இங்கே மாணவர்கள் வட்டமாக அமர்ந்து பேசி, எல்லாருக்கும் ஒத்த முடிவைத் தேடுகின்றனர். பழங்குடிச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதோடு நில்லாமல் அதன் முறையிலேயே பேசப் பழக்குவதால், நூறு சொற்பொழிவுகளினும் இது மேலானது என்பது எமது கருத்து.

மூன்றாவது கல்வி. விக்டோரியா பல்கலைக் கழகம் 2018இல் நான்காண்டுப் படிப்பொன்றைத் தொடங்கிற்று. கனடாவின் பொதுச் சட்டத்தில் ஒரு பட்டம், பழங்குடிச் சட்ட முறைகளில் ஒரு பட்டம் என இரண்டும் சேர்ந்து கிடைக்கும். ஜான் பாரோஸ், வால் நெப்போலியன் என்னும் பழங்குடி அறிஞர் இருவர் இதற்கு அடிகோலினர். அப்பல்கலைக் கழகத்தின் பழங்குடிச் சட்ட ஆய்வுப் பிரிவு, பழங்கதைகளைத் தீர்ப்புகளைப் போலப் பிரித்து, சிக்கல் யாது, முடிவு யாது, காரணம் யாது என்று ஆராய்கிறது. கதையைச் சிந்தனையாக மதிக்கும் முறை இது, பாராட்டுவோம். எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். உரைநூல் மட்டும் படித்துச் செய்யுளைத் தேர்ந்துவிட்ட மாணவனை ஆசிரியர் எல்லாரும் அறிவர். கதையின் சாரம் கிட்டியது போதுமென்று பாட்டையும் மொழியையும் கேட்பவரையும் விட்டுவிட்டால், பழைய அட்டவணை வேறு உருவில் திரும்பி வரும். மாணவர்களைப் பழங்குடிச் சமூகங்களுக்கே அனுப்பும் களப்பள்ளி இப்படிப்பின் பகுதியாக இருப்பது இவ்வச்சத்தைக் குறைக்கிறது.

இவை கடல் கடந்த செய்திகள், நமக்கு என்ன என்று கேட்போர் இருக்கலாம். சிலாங்கூரில் டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் வாழ்ந்த தெமுவான் மக்களின் நிலம் 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. சாகோங் பின் தாசியும் மற்றவரும் தொடுத்த வழக்கில், 2002இல் நம் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஓராங் அஸ்லி மக்களின் வாய்மொழி வரலாற்றைச் சாட்சியமாக ஏற்கையில், அம்மன்றம் டெல்கமூக் தீர்ப்பையும் துணைக்கொண்டது. கிட்க்ஸான் மூதாட்டியின் மக்கள் நடத்திய வழக்கு தெமுவான் குடிக்கும் கைகொடுத்தது எனலாம்.

ஆகவே இத்தகைய விழாவுக்கு அழைப்பு வரின் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இங்கே பாடப்படும் பாட்டு மறுநாள் வகுப்பறையில் பாடமாகவும் வழக்கு மன்றத்தில் சான்றாகவும் மதிக்கப்படுமா? ஆம் எனில், அது விழா. இல்லையெனில், மேடை கலைந்தவுடன் மேளத்தை உறையிலிட்டு அனுப்பிவிடும் பொழுதுபோக்கே. நம் வகுப்பில் ஓராங் அஸ்லி கதையொன்றைச் சொல்ல நேரும் ஆசிரியரும், கதை முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்: இக்கதையில் நிலம் யாருடையது, அதை அவர்கள் எவ்வாறு காத்தனர்? அக்கேள்விக்குத் தனிப் பாடவேளை வேண்டுவதில்லை.