வாயில் கடந்த வழக்கும் வழியில் வீழ்ந்த சாட்சியும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலே, களுவாஞ்சிக்குடியை அடுத்துள்ள எருவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகி கோயில்கள் பெயர்பெற்றவை. இப்பிரதேசத்தின் வைகாசிச் சடங்குகளிலே படிக்கப்பெறும் கண்ணகி வழக்குரை, வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த பின்னர் ஆய்வாளர் கவனத்தையும் பெற்றது. கப்பல் வைத்ததையும் கடலோடியதையும் விரித்துரைக்கும் ஒரு நூலுக்கு மக்கள் 'வழக்குரை' என்று பெயரிட்டு வழங்குவது மனங்கொள்ளத்தக்கது. அவர்கள் செவியில் நிலைத்தது கடற்செலவன்று. ஒரு பெண் அரசவையில் நின்று பேசிய பேச்சே.

வழக்குரைத்த கட்டத்தைத் திறனாய்ந்தோர் மன்னனின் வீழ்ச்சியிலும் கற்பின் ஆற்றலிலுமே பெரிதும் கருத்தூன்றினர். வணிகருக்கும் அரசுக்கும் இடையிலான முரணை அதிற் கண்டோரும் உளர். இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சான்று என்ற நோக்கிலே இக்கட்டம் போதியளவு பார்க்கப்படவில்லை என்பதே எமது குறை. சிலப்பதிகாரத்திலே, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று கண்ணகி முதலிற் கூறுகிறாள்; தேவியின் சிலம்பிலுள்ளது முத்து என்று மன்னன் கூறுகிறான்; அதன் பின்னரே சிலம்பு உடைகிறது. இவ்வரிசை முக்கியமானது. முன்னரே சொல்லப்பட்ட கூற்று ஒன்று இல்லையாயின், தெறித்த மாணிக்கம் எதையும் நிறுவியிராது. பொருட்சான்று தானாகப் பேசுவதில்லை. அதன் பொருளைச் சொல்லும் மனிதர் அவைக்கு உயிரோடு வந்து சேர்தல் வேண்டும். வாயிலோன் அவளைத் தடுத்து நிறுத்தவில்லை. மன்னனிடம் சென்று அறிவித்தான். மன்னனும் வரவிடு என்றான். காவியம் இதனை இயல்பான செயலாகவே கொண்டு கடந்து செல்கிறது. எமது காலத்திலே இயல்பாகக் கொள்ள இயலாதது இதுவே.

ஜெரால்ட் பெரேராவின் வழக்கை நோக்குவோம். கப்பற்றளத்திலே சமையற்காரராயிருந்த இச்சிங்களத் தொழிலாளி, 2002 ஜூன் மாதத்திலே ஆள்மாறாட்டத்தால் வத்தளைப் பொலிஸாரிடம் அகப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானார்; சிறுநீரகம் செயலிழந்து நினைவற்றுக் கிடந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என 2003இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கியது. அடுத்து நீர்கொழும்பு மேல் நீதிமன்றத்திலே குற்றவியல் வழக்கு வந்தது. அங்கே சாட்சியமளிக்கச் சில நாட்களே இருந்தபோது, 2004 நவம்பர் 21ஆம் திகதி பஸ்ஸிலே வைத்துச் சுடப்பட்டார். மூன்று நாட்களில் இறந்தார்.

நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தின் தீர்ப்பே கையிலிருந்தபோதும் அவர் வாய்மொழி ஏன் இன்றியமையாததாயிற்று? அடிப்படை உரிமை மனு சத்தியக்கடதாசிகளைக் கொண்டு விசாரிக்கப்படுவது. குற்றவியல் மன்றத்திலோ சாட்சி நேரில் நின்று குறுக்கு விசாரணைக்கு உட்படல் வேண்டும். குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பிருந்த முன்னைய சாட்சியமாயின், சாட்சி இறந்த பின்னரும் அதனை ஏற்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தில் இடமுண்டு. சத்தியக்கடதாசிக்கு அத்தகுதி இல்லை. சுட்டவர்கள் சட்டநூல் கற்றிருக்க வேண்டியதில்லை. எந்த வாயிலில் எது செல்லுபடியாகும் என்பதை அறிந்திருந்தாற் போதும். சித்திரவதை வழக்கின் எதிரிகள் 2008இல் விடுவிக்கப்பட்டனர்.

கிழக்கிலோ பொருட்சான்றைக் கொணர்ந்தவரே வீழ்த்தப்பட்டார். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையிலே மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டே வெடித்தது என்று படைத்தரப்பு கூறிற்று. சுடர் ஒளியின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அண்மையிலிருந்து சுடப்பட்ட காயங்களைக் காட்டின. சிலம்புடைந்தாற் போன்றதொரு கணம் அது. ஜனவரி 24ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். நீதிமன்றம் அழைத்த சாட்சியல்லர் அவர். அழைக்கும் காலம் வரும்வரை விட்டுவைக்கப்படவுமில்லை. மொழியாலும் இனத்தாலும் வேறுபட்ட இவ்விருவரையும் ஒருசேர வைத்து நோக்குவது அவசியமென்றே கருதுகிறோம். இனப்பகை என்ற விளக்கம் திருகோணமலைக்குப் பொருந்தினும் வத்தளைக்குப் பொருந்தாது. சீருடைக்கு எதிரான சாட்சி என்பதே இரண்டுக்கும் பொது.

பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் இயற்றப்பட்டது. அதன் பாதுகாப்புப் பிரிவும் பொலிஸ் திணைக்களத்துள்ளேயே அமைந்தது. பொற்கொல்லனிடமே சிலம்பைக் காவலுக்கு வைத்தாற்போல. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பின்னர் அதன் இடத்திற்கு வந்தது.

திருகோணமலை வழக்கின் எதிரிகள் பதின்மூவரும் போதிய சான்றில்லை என 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர். அதற்குள் சாட்சிகள் பலர் நாட்டைவிட்டு நீங்கியிருந்தனர். மகனைப் பறிகொடுத்த மருத்துவர் ஒருவரும் அவர்களுள் ஒருவர். அச்சுறுத்தலால் வெளியேறிய அவர் தம் வழக்கை ஜெனீவாவிலே, ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவையில் உரைத்தார்.